வியாழக்கிழமை விடுமுறையும் ஆண்கள் அருள்பணியும்: ஆகுர்டி வட்டாரத்தின் அனுபவம்

கத்தோலிக்கப் பங்கில் ‘ஆண்கள் பணி’ எனப்படுவது, தியானம், சிறுகுழு, பிறர்நலச் சேவை ஆகிய மூன்றையும் இணைத்து, ஆண்கள் தம் விசுவாச வாழ்வை ஒருவருக்கொருவர் துணைநின்று பேணிக்கொள்ள வகைசெய்யும் ஏற்பாடாகும். பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில், பொதுவாகக் குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் இறைமக்களின் நிலையான சமூகம். இளையோர் இயக்கம், அன்னையர் குழு, மறைக்கல்வி வகுப்பு, பீடச்சிறுவர் குழு என்று அதன் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஓர் அமைப்பு இருக்கையில், நடுவயது ஆண்களுக்கென்று பல பங்குகளில் எதுவும் இருப்பதில்லை. திருவிழாவுக்குப் பந்தல் போடவும், தேர் தூக்கவும், வரி வசூலிக்கவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அவர்கள் அழைக்கப்படுகிறார்கள். எதற்காகச் செபிக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று அவர்களைக் கேட்பதற்கு மட்டும் ஓர் இடம் அமைவதில்லை. புனே நகரின் வடமேற்கே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழிற்பகுதிக்குள் உள்ள ஆகுர்டியில் இக்குறை கூர்மையாகத் தெரிகிறது; அதைத் தீர்க்கும் வழியும் அவ்விடத்து வாழ்க்கை ஒழுங்குக்குள்ளேயே இருக்கிறது என்பது இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டோர் கண்டறிந்த உண்மை.

பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் அமைந்ததும், 1960களில் ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும் அதையடுத்து டெல்கோவும் வேரூன்றியதும், 1962இல் தோன்றிய மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் சுற்றுவட்டாரத்தில் ஆலை மனைகளை வகுத்துத் தந்ததும் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களைத் தொழில்நகராக மாற்றின. ஆலைகளைத் தேடி வந்தவர்களில் கோவாவையும் மங்களூரையும் சேர்ந்த கொங்கணியர், மராத்தியக் கிறிஸ்தவர், கேரளத்தினர், தமிழர் எனப் பல மொழிக் கத்தோலிக்கர் இருந்தனர். 1886இல் நிறுவப்பட்ட பூனா மறைமாவட்டம் அதுவரை பெரிதும் நகரையும் இராணுவக் குடியிருப்புகளையும் மையமாகக் கொண்டிருந்த நிலையில், பிம்ப்ரி கராள்வாடியிலுள்ள துயருறுவோரின் ஆறுதல் அன்னை ஆலயம் போன்றவை தொழிலாளர் குடும்பங்களின் ஆலயங்களாக வளர்ந்தன. சொந்த ஊரில் உற்றார் உறவினரும் சபைகளும் தந்த ஆதரவு இங்கே இல்லை. ஆலயமும் ஆலையும் வாடகை வீடுமே புதிதாக வந்தவனின் உலகம் என்பதால், பங்கு அவனுக்கு வழிபாட்டிடமாக மட்டும் இருந்தால் போதாது. அவன் இழந்துவந்த உறவு வட்டத்திற்கும் அது ஓரளவேனும் ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

இவ்வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன். மின்சுமையைப் பகிர்ந்தளிக்கும் பொருட்டுத் தொழிற்பகுதிகளுக்கு வெவ்வேறு விடுமுறை நாள்கள் வகுக்கப்பட்டதால் வந்த வழக்கம் இது. இதன் விளைவு பங்கு வாழ்வில் நேரடியாகத் தெரிகிறது. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு மனைவியும் பிள்ளைகளும் வருகையில் குடும்பத்தலைவர் எந்திரத்தின் முன் நிற்கிறார் அல்லது இரவு ஷிப்ட் முடித்து உறங்குகிறார். அவர் கோயிலுக்கு வருவதில்லை என்று மறையுரையில் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவருடைய ஷிப்ட் அட்டவணையைக் கேட்டறிந்து பங்கின் நேரத்தை மாற்றியமைப்பதே மேய்ப்புப் பணி. முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்பதும் ஞாயிறு கடனை நிறைவேற்றுவதாகும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் விதி கூறுவதை ஆண்கள் பலர் அறிந்திருப்பதில்லை. சனி மாலைத் திருப்பலியை ஷிப்ட் மாறும் நேரத்தோடு பொருத்தி வைப்பதும், ஆண்கள் கூட்டங்களை வியாழனுக்கு மாற்றுவதும் செலவில்லாத ஏற்பாடுகள். எந்தச் சொற்பொழிவாளரையும்விட அவை அதிக ஆண்களை அழைத்துவந்திருக்கின்றன. திருச்சபையின் பக்தி மரபும் இதற்குத் துணைநிற்கிறது. ஆண்டவரின் இறுதி இரவுணவும் கெத்சமனித் தோட்டத்துத் துயரமும் நிகழ்ந்தது வியாழன் இரவில் என்பதால், 17ஆம் நூற்றாண்டில் புனித மார்கரீத் மரியா அலகோக் வழியாகப் பரவிய திருமணி ஆராதனை, அதாவது நற்கருணை முன் ஒரு மணி நேரம் விழித்திருந்து செபிக்கும் பக்திமுயற்சி, வியாழன் இரவுக்கே உரியதாக விளங்குகிறது. ஆலை தந்த விடுமுறையும் திருச்சபையின் செபநேரமும் ஒரே நாளில் அமைவதை ஆகுர்டியில் பணியாற்றுவோர் அருளாகவே கருதுகின்றனர்.

பொதுநிலை ஆண்கள், அதாவது குருத்துவமோ துறவறமோ ஏற்காதவர்கள், விசுவாசத்தைத் தாங்கிநிற்பது தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதிய செய்தி அன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தாம் தங்கியிருக்க இயலாத ஊர்களில் கணக்கப்பிள்ளை எனப்பட்ட பொதுநிலையினரை அமர்த்தி, செபம் சொல்லித்தரவும் ஆபத்துவேளையில் திருமுழுக்கு அளிக்கவும் பொறுப்புக் கொடுத்தார். பின்வந்த அன்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ போன்ற தமிழ் நூல்கள், குருவானவர் இல்லாத இடத்திலும் மக்கள் செபிக்கக் கற்கத் துணைசெய்தன. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தபோது, 1687இல் மாறுவேடத்தில் அங்கே சென்ற புனித ஜோசப் வாஸ் அடிகளார், மூப்பர், அண்ணாவியார் என அழைக்கப்பட்ட பொதுநிலைத் தலைவர்களைக் கொண்டே சிதறிய சமூகங்களைக் கட்டிக்காத்தார். அவர் 2015 ஜனவரி 14இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். கணக்கப்பிள்ளையும் மூப்பரும் பெரும்படிப்பாளிகளாக இருக்க வேண்டியிருக்கவில்லை. குறித்த நாளில் குறித்த இடத்தில் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள் என்பதே அவர்கள் செய்த பெரும்பணி. ஆகுர்டியில் தேவைப்படுவதும் அத்தகைய நிலைத்தன்மையே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றிய விதித்தொகுப்பு, இப்பணி குருக்களின் விருப்பத்தால் கிடைக்கும் சலுகை அன்று, திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் வேர்கொண்ட உரிமையும் கடமையும் என்று தெளிவுபடுத்தியது.

ஆண்கள் பணியின் முதல் உறுப்பு தியானம். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் தியானம் என்பது தனித்திருந்து மனத்தை ஒருமுகப்படுத்துவதை மட்டுமன்றி, அன்றாட வேலைகளை விட்டு விலகி ஒருநாளோ பலநாளோ இறைவார்த்தை, மௌனம், ஒப்புரவு, திருப்பலி ஆகியவற்றில் செலவிடும் காலத்தையும் குறிக்கும். இதன் செவ்விய வடிவத்தைத் தந்தவர் லொயோலாவின் புனித இஞ்ஞாசியார். அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றது. 1922இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அவரைத் தியானங்களின் பாதுகாவலராக அறிவித்து, 1929இல் எழுதிய சுற்றுமடலில் தொழிலாளர்களுக்கான தியானங்களையும் ஊக்குவித்தார். முழுப் பயிற்சிக்கு ஏறக்குறைய முப்பது நாள் வேண்டும் என்றாலும், உலக அலுவல்களை விட்டு விலக இயலாதவர் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கிப் பல வாரங்களில் அதை நிறைவேற்றலாம் என்று அந்நூலின் 19ஆம் முன்குறிப்பே வழிகாட்டுகிறது. ஆகுர்டியிலிருந்து உள்ளூர் ரயிலில் சென்றடையக்கூடிய லோனாவாலா மலைப்பகுதி பலநாள் தியானத்துக்கு ஏற்றதாயினும், விடுப்பெடுத்தால் அன்றைய கூலியை இழக்கும் காண்டிராக்ட் தொழிலாளருக்கு இந்த 19ஆம் முன்குறிப்பும் பங்கு வளாகத்தில் நடக்கும் வியாழக்கிழமைத் தியானமுமே உண்மையில் கைக்கெட்டுபவை.

ஒருநாள் தியானம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அனுபவம் நுணுக்கமாகக் கற்பித்திருக்கிறது. புதன் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் முதல் உரையிலேயே கண்ணயர்வார் என்பதால், பாய் விரித்த ஓர் அறை ஒதுக்கப்பட்டு, அவர் உறங்கி எழுந்து நடுவில் சேர்ந்துகொள்ள வழிசெய்யப்பட வேண்டும். உறக்கமில்லாதவனுக்கு ஊட்டப்படும் இறைவார்த்தை நிற்பதில்லை. உரைகள் குறுகியும் மௌனநேரம் நீண்டும் இருப்பது நன்று, ஏனெனில் நாள் முழுதும் எந்திர ஓசையில் நிற்பவருக்கு அமைதியே அரிய பொருள். ஒப்புரவு அருளடையாளத்திற்கு, பழைய வழக்கில் பாவசங்கீர்த்தனத்திற்கு, சொந்தப் பங்குத்தந்தையுடன் வேறு பங்கிலிருந்தோ துறவற சபைகளிலிருந்தோ மராத்தி, தமிழ், கொங்கணி, ஆங்கிலம் அறிந்த குருக்களை அழைப்பது இன்றியமையாதது. பங்குப் பேரவையில் தம்மோடு அமர்ந்து கணக்குப் பார்க்கும் குருவிடம் சொல்லத் தயங்குவதை முன்பின் அறியாத குருவிடம் தாய்மொழியில் சொல்லி அழுது தீர்ப்பவர் பலர். கண்டியிலிருந்து 1955இல் புனேக்கு மாற்றப்பட்ட பாப்பிறைக் குருமடமும், தத்துவபோதகர் எனப்பட்ட தெ நொபிலியின் பெயர் தாங்கிய கல்லூரியும் இந்நகரில் இருப்பதாலும், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து குருத்துவ மாணவரும் பேராசிரியரும் இங்கு வந்து வாழ்வதாலும், இத்தகைய மொழி உதவிக்குப் புனே வளமான இடம்.

உணவு ஏற்பாடும் தியானத்தின் பகுதியே. அன்னையர் குழு சமைத்துப் பரிமாற ஆண்கள் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை விடுத்து, வந்தவர்களே காய் நறுக்கி, சோறும் பருப்பும் சமைத்து, பாத்திரம் கழுவும் முறையைப் பின்பற்றும் இடங்களில், உரையரங்கில் வாய் திறக்காதவர்கள் குழாயடியில் பேசத் தொடங்குவதைக் காணலாம். எதிரெதிரே நாற்காலியில் அமர்த்திவைத்து, மனம் திறந்து பேசுங்கள் என்றால் பெரும்பாலான ஆண்கள் சுருங்கிவிடுகிறார்கள். கைக்கு வேலை கொடுத்து அருகருகே நிற்கவைத்தால், மகனின் படிப்பும் வீட்டுக்கடனும் தாயின் நோயும் தாமாகவே பேச்சில் வருகின்றன. குண்டான் தேய்க்கும் ஒருவர் தலைநிமிராமல் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அதற்கு உடனே அறிவுரை சொல்லாமல், தம் கையிலுள்ள தட்டைக் கழுவி முடிக்கத் தெரிந்தவரே இப்பணிக்குத் தகுந்த தலைவர்.

தியானத்தில் எழும் உருக்கம் சில வாரங்களில் தணிவது இயல்பு. அதைத் தாங்கிச்செல்ல இரண்டாம் உறுப்பாகிய சிறுகுழு தேவை. எட்டுப் பத்துப் பேருக்கு மேற்படாத குழு, ஒரே ஷிப்ட் சுழற்சியில் உள்ளவர்களாகச் சேர்க்கப்பட்டு, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுவது நடைமுறைக்கு ஏற்றது. தமிழகப் பங்குகளில் அன்பியம் என்றழைக்கப்படும் அடித்தளச் சமூகங்களில் பழகிய ஏழுபடி முறை இங்கும் பயன்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து உலகெங்கும் பரவிய அம்முறையில், ஆண்டவரை அழைத்தல், நற்செய்திப் பகுதியை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களை மீண்டும் மீண்டும் சொல்லுதல், மௌனம் காத்தல், பகிர்தல், செய்யவேண்டிய செயலை முடிவுசெய்தல், செபித்தல் என்பன வரிசையாக வருகின்றன. மறைநூல் அறிவு குறைந்தவரும் மூன்றாம் படியில் ஒரு சொல்லையேனும் உரக்கச் சொல்ல முடிகிறது என்பதே இதன் சிறப்பு. பல மொழியினர் கூடும் ஆகுர்டியில் ஒரே பகுதி மராத்தியிலும் தமிழிலும் அடுத்தடுத்து வாசிக்கப்படும்போது, அறியாத மொழியில் கேட்கும் நேரமும் மௌனமாகவே பயன்படுகிறது.

குழுவுக்கு ஒழுங்குகள் சிலவே போதும், ஆயினும் அவை உறுதியாக இருக்க வேண்டும். ஒருவர் பேசுகையில் பிறர் குறுக்கிடுவதில்லை. கேட்கப்படாத அறிவுரை தரப்படுவதில்லை. கேட்டது வெளியே செல்வதில்லை. அரசியலும் பங்குப் பேரவை வழக்குகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நுழைவதில்லை. அதே வேளையில், குழுவின் இரகசியக் காப்பு பாவசங்கீர்த்தன முத்திரைக்கு நிகரானது அன்று என்பதும் தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை எந்நிலையிலும் மீறமுடியாதது; குழுவிலோ, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்வது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்கு அறிவிக்கும் கடமை எழுகிறது. நம்பிக்கையைக் காக்கும் குழு பலவீனரையும் காக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

மூன்றாம் உறுப்பு பொதுச்சேவை. செபமும் பேச்சும் மட்டுமே உள்ள குழு காலப்போக்கில் தன்னைத்தானே சுற்றிவரத் தொடங்குகிறது. ஏழையின் வாசலுக்கு நடந்துசெல்லும் குழு நிலைக்கிறது. பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர், தோழர் சிலருடன் 1833இல் பாரிஸ் நகரில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை இதற்கு நல்ல முன்மாதிரி. அச்சபையின் உறுப்பினர்கள் பணத்தை அனுப்பிவைப்பதோடு நில்லாமல், இருவர் இருவராக வீடுகளுக்குச் சென்று அமர்ந்து பேசுகிறார்கள். கூட்ட முடிவில் சுற்றிவரும் இரகசியப் பையில் ஒவ்வொருவரும் மூடிய கையை விட்டு எடுக்கிறார்கள். நூறு ரூபாய் போட்டவர் யார், ஒன்றும் போட இயலாதவர் யார் என்பது அருகிலிருப்பவருக்கும் தெரிவதில்லை. வேலையிழந்த உறுப்பினர் தம் நிலை வெளிப்படாமல் அதே வட்டத்தில் தொடர்ந்து அமர இச்சிறு ஏற்பாடு இடந்தருகிறது. 2007இல் ஆகுர்டி பஜாஜ் ஆலையில் வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டதைப் போன்ற மாற்றங்களைக் கண்ட வட்டாரத்தில், இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆலையே தன் அடையாளம் என்று வாழ்ந்தவனுக்கு ஓய்வும் ஆட்குறைப்பும் வருமான இழப்பு மட்டுமல்ல. காலையில் எழுந்து எங்கே போவது என்ற கேள்வி அவனை நிலைகுலைக்கிறது. நோயாளர் சந்திப்பு, அடக்கச் சடங்குக்கான ஏற்பாடுகள், மருத்துவமனைத் துணையிருப்பு, பி.எஃப். எனும் வருங்கால வைப்புநிதிப் படிவங்களை நிரப்பித் தருதல் ஆகிய வேலைகள் அவனுடைய அனுபவத்துக்கு மீண்டும் மதிப்பளிக்கின்றன. குறிப்பாக, உறவினர் தொலைவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் ஒருவர் இறக்கையில், கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு ஏற்பாடு செய்வதிலிருந்து பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்குவதுவரை ஆண்கள் குழு முன்நிற்பது, அக்குடும்பம் அந்நிய மண்ணில் அநாதையல்ல என்பதற்குச் சான்றாகிறது.

குடிப்பழக்கம் இப்பணி நேர்நின்று சந்திக்க வேண்டிய துன்பம். தியானத்தின் முடிவில் கண்ணீரோடு செய்யப்படும் சத்தியம் மட்டும் குடிநோயைத் தீர்ப்பதில்லை; அது மருத்துவமும் நீண்டகாலத் துணையும் வேண்டும் நோய். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளுக்கும் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையை இயேசு சபைக் குரு எட்வர்ட் டவுலிங் கண்டு, அவ்வியக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனை 1940இல் சந்தித்து நண்பரானார். புனேயிலேயே மருத்துவர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் 1986இல் தொடங்கிய முக்தாங்கண் மறுவாழ்வு மையம் உள்ளது. ஆண்கள் குழுவின் கடமை, நோயாளியைச் செபத்தால் மட்டும் குணப்படுத்த முனைவதன்று. அவரை இத்தகைய இடத்துக்கு அழைத்துச்செல்வதும், சிகிச்சைக் காலத்தில் அவர் குடும்பத்தைத் தாங்குவதும், திரும்பிவந்தபின் திருவிழா விருந்தில் அவருடைய கையில் கோப்பையைத் திணிக்காத நண்பர்களாக நிற்பதுமே ஆகும்.

ஆண்களுக்கெனத் தனியமைப்பு உருவாகும்போது அது பங்கில் அதிகார மையமாகிவிடக்கூடும் என்ற அச்சத்திற்கு நியாயமுண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரை, கணவனும் தந்தையுமான ஆணின் அழைப்பைப் பேசும் பகுதியிலேயே, மனைவியின் சமமாண்பை மதிக்க வலியுறுத்தி, பெண்ணைத் தாழ்த்தும் ஆண் மேலாதிக்கத்தைக் கண்டிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைப் புனித சூசையப்பருக்கு அர்ப்பணித்து எழுதிய மடலும், நிழல்போல உடனிருந்து பிறரைக் காக்கும் தந்தைமையை முன்வைக்கிறது. தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955இல் மே முதல் நாள் நிறுவப்பட்டதை எண்ணினால், ஆலைப்பகுதி ஆண்களுக்கு அவரைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை. ஆண்கள் பணியின் விளைவை அளக்கும் உண்மையான இடம் வீடு. ஓராண்டு குழுவில் இருந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் அவரிடம் அச்சமின்றிப் பேச முடிகிறதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இவ்வட்டாரத்தின் சமயச் சூழலும் கற்பிப்பது அதிகம். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேரும்படி தேஹுவிலிருந்து புறப்படும் சந்த் துக்காராம் மகராஜின் பால்கி எனும் பல்லக்கு ஊர்வலம், ஆகுர்டி விட்டல் கோயிலில் ஓரிரவு தங்கிச் செல்வது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். அதனுடன் நடக்கும் வார்க்கரிகள் எனும் விட்டல் பக்தர்கள் திண்டி எனப்படும் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு திண்டியும் ஊர்வலத்தில் தனக்குரிய இடத்தைக் காத்து, அபங்கம் எனும் பக்திப் பாடல்களைப் பாடியபடி செல்கின்றனர். தனித்து நடந்தால் சோர்ந்துவிடும் விவசாயி, தன் திண்டியின் ஒழுங்கில் நடக்கையில் வழி முழுவதையும் கடக்கிறான். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் குழுக்களை அறிந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது எளிதில் புரியும். அண்டை வீட்டாரின் பக்தி ஒழுங்கை மதிப்போடு கவனிப்பதும், அவர்கள் வரும் நாளில் தண்ணீர் கொடுத்து வரவேற்பதும் கிறிஸ்தவ ஆண்களுக்கு அயலன்பும் ஆன்மிகக் கல்வியும் ஆகும்.

இப்பணி நிலைபெறுவதற்கு இறுதியாக வேண்டியது பொறுப்பைக் கைமாற்றும் ஒழுங்கு. பங்குத்தந்தையர் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்வது மறைமாவட்ட வழக்கம். குழு ஒரு குருவின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருந்தால் அவருடைய பெட்டி படுக்கையோடு அதுவும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் தலைவர், அவருக்குப்பின் பொறுப்பேற்கப் பழகும் இளையவர் என இருவர் எப்போதும் இருக்க வேண்டும். பொறுப்புக் காலம் வரையறுக்கப்பட வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் பங்கின் நிதிக்குழுவிடம் காட்டப்பட வேண்டும். இவற்றோடு வியாழக்கிழமைக் கூட்டம், வருபவர் மூவரேயானாலும், தள்ளிவைக்கப்படாமல் நடைபெற வேண்டும். ஷிப்ட் மாறி மூன்று வாரம் வரமுடியாத ஒருவர் நான்காம் வாரம் வரும்போது கதவு திறந்திருக்கும் என்ற உறுதியே இப்பணியின் முதற்பொருள். பேச்சுத்திறனும் பெருங்கூட்டமும் அதற்கு அடுத்தபடியே. ஆலையின் நேரத்தை மதித்துத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளத் துணியும் பங்குகளில், ஆண்கள் கோயிலுக்கு வெளியே நிற்கும் பந்தல்காரர்களாக இராமல் விசுவாசத்தின் பொறுப்பாளர்களாக வளர்கிறார்கள். தொழிற்பகுதித் திருச்சபையின் எதிர்காலத்திற்கு இதனினும் உறுதியான அடித்தளம் இல்லை.